வைவாவுக்கு வந்த கல்யாண வீடியோ

எனக்குப் பெருமை பேசப் பிடிக்கும். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அடக்கம் வேண்டும் என்று எங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, தங்கள் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் போனைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். அந்த வேஷம் எனக்கு வராது. வெளிச்சம் பட்டால் வளைந்து, திருச்சி வெயிலிலும் வளைந்தபடியே நின்று, வேறொரு வெளிச்சம் வந்து சொன்னால்தான் நிமிரும் ஒரு படலத்தை நான் செய்தேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது, ஆரஞ்சு நிறம், ஊதினால் பறந்துவிடும். என் இருபதுகளில் பாதியை அது தின்றிருக்கிறது. அதைப் பற்றிப் பேச யாராவது வாய்ப்புக் கொடுத்தால் நான் விடுவதாக இல்லை.

இந்தக் குணம் அம்மாவிடமிருந்து வந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகும் சாலையில் அம்மாவுக்கு ஒரு தையல் கடை. ஜாக்கெட் தைப்பதுதான் முக்கிய வேலை. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார்; அதன்பின் அந்தக் கடைதான் எங்களுக்கு எல்லாம். அளவு கொடுக்க வரும் ஒவ்வொருத்தியிடமும் டேப்பைத் தோளில் வைத்து அளந்துகொண்டே அம்மா என் கதையைச் சொல்லிவிடுவாள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள் எங்கே ஓடுவாள்? நான் பத்தாவதில் வாங்கிய மார்க்கைக் கேட்காமல் தைத்து முடிந்த ஜாக்கெட் அந்தப் பக்கத்தில் ஒன்றுகூட இருக்காது.

ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு அம்மாவுக்குச் சிக்கல் வந்தது. மார்க்கைச் சொல்லிவிடலாம். ஒளிக்கு இசையும் திரவப் படிகப் பாலிமர் என்பதை எப்படிச் சொல்வது? "உங்க பொண்ணு இன்னுமா படிக்குது?" என்று கேட்பார்கள். அதற்கு அடுத்த கேள்வி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். "எப்ப கல்யாணச் சாப்பாடு?" ஏதாவது விசேஷத்துக்குப் போய்விட்டு வந்து அம்மா செருப்பைக் கழற்றும் விதத்திலேயே, அன்றைக்கும் அந்தக் கேள்வி வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நீ என்னதான்டி பண்றே? நாலு பேருகிட்ட சொல்ற மாதிரி சொல்லு."

கோயில் வரிசையை வைத்துச் சொன்னேன். பெருமாளைச் சேவிக்க இலவச வரிசையில் கூட்டம் நிற்கிறது. எல்லோர் முகமும் ஒரே திசையில் இருக்கிறது, ஆனால் ஆட்கள் நெளிகிறார்கள், முன்னே பின்னே நகர்கிறார்கள். திசை உண்டு, நிலையான இடம் கிடையாது. அதுதான் திரவப் படிகம். டிவியிலும் போனிலும் இருப்பது அந்தச் சரக்குதான். அந்த ஆட்கள் எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இனிமேல் விடமாட்டோம் என்று நின்றுவிட்டால் அது பாலிமர். இப்போது அந்தக் கூட்டத்தின் நடுநடுவே நான் ஒரு தனி ரக ஆளை நிறுத்துகிறேன். ஊதா வெளிச்சம் பட்டால் அவன் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிடுவான். நீல வெளிச்சமோ பச்சை வெளிச்சமோ பட்டால் எழுந்து நிற்பான். கை கோத்திருப்பதால் அவன் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவர்களையும் இழுப்பான். வெளிச்சம் விழும் பக்கம் மட்டும் கூட்டம் சுருங்கும், பின்பக்கம் சுருங்காது. அப்படியானால் முழுப் படலமும் வளைந்துதானே ஆகவேண்டும்?

அம்மாவுக்கு அந்த உட்கார்ந்த ஆள்மேல்தான் கவலை. "யாரும் எழுப்பி விடலேன்னா அவன் என்ன பண்ணுவான்?"

"உக்காந்தே இருக்கணும். அதுதாம்மா என் வேலையே. நம்ம ஊர் சூட்டுல அவன் தானா எந்திரிச்சிடுறான்."

"தானா எந்திரிக்கறவனைப் புடிச்சு உக்கார வைக்கறதுக்கா இத்தனை வருஷம்?"

கேலி செய்தாளே தவிர, மறுநாளே அது கடைக்குப் போய்விட்டது. "என் பொண்ணு ஒரு பிளாஸ்டிக் செஞ்சிருக்கா. டார்ச் அடிச்சா உக்காரும், வேற டார்ச் அடிச்சா எந்திரிக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். அதில் என்ன லாபம் என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டிருக்கிறாள். சாயங்காலம் அம்மா அதே கேள்வியை என்னிடம் கொண்டுவந்தாள். படலத்தின் நுனியில் கடுகளவு கண்ணாடி பூசியிருக்கும், அதில் ஓர் ஒளிக்கற்றை பட்டுத் திரும்பும், படலம் வளைந்தால் கற்றை போகும் இடமும் மாறும் என்றேன். வயர் வேண்டாம், மோட்டார் வேண்டாம், வெளிச்சமே வெளிச்சத்தைத் திருப்பிவிடும். நாளைக்கு இன்டர்நெட் கேபிளிலும் கேமரா லென்சிலும் இது வரலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். "கேமராவுல வருமா?" என்று அம்மா கேட்டாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ஆய்வகம் ஊருக்குத் தெற்கே இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். உள்ளே நுழைந்தால் எல்லா ஜன்னலிலும் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். பகல் வெளிச்சம் அப்படியே உள்ளே வந்தால் எங்கள் சரக்கு நாங்கள் சொல்லாமலே வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அதனால் காலை, மத்தியானம், மாலை எல்லாமே எங்களுக்கு ஒரே மஞ்சள்தான். என்னுடன் வேலை செய்த தோழி பாலக்கரைக்காரி. அவள் அந்த அறைக்கு மஞ்சக்காமாலை வார்டு என்று பேர் வைத்திருந்தாள்.

மூலக்கூறுகளை வரிசையில் நிறுத்துவதற்கு ஒரு வழி உண்டு. கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய பூச்சு கொடுத்து, அதை வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். தேய்த்த தடத்தின் வழியே அவை படுத்துக்கொள்ளும். வெல்வெட்டுக்கு நான் அலையவே இல்லை. அம்மாவின் கடையில் கல்யாண ஜாக்கெட் தைத்து மிஞ்சிய அரக்கு நிற வெட்டுத்துணி மூட்டையாகக் கிடந்தது. என் ஆய்வேட்டின் ஒவ்வொரு படலமும் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் துணியில் தேய்த்ததுதான். ஆய்வேட்டில் வெல்வெட் துணி என்று மட்டும் எழுதியிருந்தேன். "எந்தக் கடைன்னு போடலையா?" என்று அம்மா கேட்டாள். போடும் வழக்கம் இல்லை என்றேன். அவளுக்கு அது சரியாகப் படவில்லை.

சூடுதான் எங்களைப் படுத்தியது. இந்தப் படலத்தைப் பற்றி வந்த கட்டுரைகளில் நான் படித்தவை பெரும்பாலும் குளிர்நாட்டு ஆய்வகங்களில் எழுதியவை. அங்கே ஒருமுறை வளைத்துவிட்டால் பேசாமல் நிற்கும். இங்கே மே மாதத்தில், ஏசியை நிறுத்திய அறையில், டார்ச்சை அணைத்து மூச்சு விடுவதற்குள் நிமிர்ந்துவிடும். ஏசி போட்டு அளந்து எழுதிவிடு, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று என் கைடு சொன்னார். நல்ல மனிதர், என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். எனக்கோ சுள்ளென்று கோபம் வந்தது. "நாம என்ன ஊட்டிக்கா சார் செய்யறோம்?" என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு அந்த ஆளின் முழங்காலை, அதாவது அந்த மூலக்கூறில் மடங்கும் இடத்தை ஒட்டிய அணுக்களை, மாற்றி மாற்றிப் பொருத்துவதே என் பிழைப்பாகிவிட்டது. சிலது வளையவே மறுத்தது. சிலது வளைந்தது, நிமிர மறுத்தது. சிலது கரைசலிலேயே கெட்டுப்போனது.

கடைசியில் ஒரு மே மாத மத்தியானம், ஏசியை நிறுத்தி, வளைத்து வைத்துவிட்டு நானும் தோழியும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது அது வளைந்தே இருந்தது. நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தோம். வளைந்தே இருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். "அழுது ஈரப்பதத்தை ஏத்தாதே, ரீடிங் மாறிடும்" என்று தோழி சொன்னாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் ஆய்வேட்டின் முன்னுரையிலேயே எழுதிவிட்டேன்: குளிரூட்டாத அறையில், நம் கோடையின் வெப்பத்திலும், இந்தப் படலம் ஒளியால் கட்டளை வரும்வரை தன் வடிவத்தை விடாது. இதை எழுதியபோது எனக்கு இருந்த மிதப்பைச் சொல்லி முடியாது.

மதிப்பீட்டுக்குப் போன இடத்தில் ஒரு பேராசிரியை அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். வேலை நன்றாக இருக்கிறது, வரைபடங்கள் ஒழுங்காக இருக்கின்றன, ஆனால் இந்த வெப்பத்தில் இவ்வளவு நேரம் நிற்கும் என்பதை நம்ப முடியவில்லை, வாய்மொழித் தேர்வில் என் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். தேர்வை நடத்த வரப்போவதும் அவர்தான். கைடின் முகம் சுருங்கிவிட்டது. மற்ற எதில் தோற்றாலும் திருத்தி எழுதலாம். அந்த வரி பொய்யானால் மிச்சம் இருப்பது, குளிர்நாட்டில் ஏற்கனவே செய்துவிட்ட வேலையை நான் மறுபடி செய்தேன் என்பதுதான். கண்ணாடி பூசிய நல்ல படலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது; அந்தப் பூச்சை வெளியூர் அனுப்பித்தான் போட்டு வாங்க முடியும்.

இந்த நேரம் பார்த்து, வைவா என்கிற அந்த வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று அம்மாவிடம் நான் வாய்விட்டுவிட்டேன். அம்மா அன்றைக்கே வேன் பேசிவிட்டாள். பக்கத்து வீட்டு மாமி வருகிறாள், கடை வாடிக்கைக்காரர்கள் வருகிறார்கள். அதுவரை பொறுத்துக்கொண்டேன்.

"வீடியோவுக்கும் சொல்லிட்டேன்" என்றாள்.

"எதுக்கு?"

"எல்லா விசேஷத்துக்கும் எடுக்கறவர்தான். நல்லா எடுப்பார்."

"இது பரீட்சைம்மா! கல்யாணம் இல்லே! மேடையில என்னைக் கேள்வி கேட்டுக் கிழிக்கப் போறாங்க, அதை வீடியோ எடுத்து என்ன பண்ணப் போறே?"

அம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "இந்தத் தெருவுல இருக்கற அத்தனை பொண்ணுங்க கல்யாண வீடியோவும் நான் பார்த்திருக்கேன்டி. பத்திரிகை வைக்கப் போனாலும் போடறாங்க, சும்மா போனாலும் போடறாங்க. முழுசா உக்காந்து பார்த்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வரேன். அவங்க நம்ம வீட்டுக்கு வந்தா நான் எதைப் போட்டுக் காட்டறது?"

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது என் வழக்கம். வீடியோக்காரர் வந்தால் நான் மேடை ஏறமாட்டேன் என்று கத்தினேன். "சரி, வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள். அம்மாவின் அந்த "சரி"யை இத்தனை வருடம் கேட்டுப் பழகியும் நான் நம்பினேன்.

அந்த நாளும் வந்தது. கத்திரி வெயில். அம்மா தைத்துக் கொடுத்த அரக்கு வெல்வெட் ஜாக்கெட்டை வேறு போட்டிருந்தேன். படலம் தேய்த்த அதே துணியில் தைத்தது என்பதால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அரங்கில் ஏசி இருந்தது பெரிய ஆறுதல். பேராசிரியை சின்ன உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் தன்னுடைய தண்ணீர் பாட்டில். மேடையில் நான் பேசிய முக்கால் மணி நேரமும் முகத்தில் ஓர் அசைவு இல்லை. கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களைத் தலையசைக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு செய்முறைக்கு வந்தோம்.

"குளிரூட்டாத அறைன்னு எழுதியிருக்கீங்க. அப்ப ஏசி எதுக்கு?" என்றார்.

ஏசி நின்றது. காற்றில் படலம் ஆடும் என்பதால் மின்விசிறியும் நின்றது. திரைச்சீலைகளை இழுத்து மூடினோம். தோழி சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்று விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கொஞ்ச நேரத்திலேயே அரங்கு கொதிக்க ஆரம்பித்தது. இருட்டில் எல்லோரும் என் ஆய்வுச் சுருக்கத்தை விசிறியாக்கி வீசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இத்தனை வருட வேலை அன்றைக்குத்தான் முதல்முறையாக எல்லோருக்கும் உபயோகப்பட்டது.

மேஜை மேல் படலத்தைத் தாங்கியில் பொருத்தியிருந்தேன். அதன் நுனிக் கண்ணாடியில் சிவப்பு லேசர் பட்டு, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியாக விழுந்தது. சிவப்பு ஒளியைப் படலம் கண்டுகொள்ளாது, அதனால் புள்ளி சும்மா இருந்தது. ஊதா டார்ச்சை அடித்தேன். புள்ளி சுவரில் மெல்ல ஏறியது. ஒரு முழம், இரண்டு முழம், கூரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பின்னாலிருந்து கைதட்டினார்கள். டார்ச்சை அணைத்தேன்.

"கைதட்டல் அப்புறம்" என்றார் பேராசிரியை. "ஏத்தறதை எல்லாரும் செய்வாங்க. அது அங்கயே நிக்கணும். பார்க்கலாம்."

புள்ளி நின்றது. அவர் கைக்கடிகாரத்தை லேசர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெல்வெட்டுக்குள் முதுகு நனைந்து ஒழுகியது. புள்ளி அசையவில்லை. எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

அப்போது பக்கவாட்டில் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. நான் முந்தானையைத் தோளில் சரிசெய்துகொண்டு, பல் தெரியாமல் லேசாகச் சிரித்தேன். மாமி நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து காதுகுத்து, நிச்சயதார்த்தம், வளைகாப்பு என்று எத்தனையோ விசேஷங்களில் அந்த வெளிச்சத்தில் நின்றிருக்கிறோம். அது முகத்தில் விழுந்தால் கை தானாக முந்தானைக்குப் போகும். அதை ஒரு விளக்கு என்றே நாம் நினைப்பதில்லை.

"இறங்குது" என்றார் பேராசிரியை.

சுவரைப் பார்த்தேன். புள்ளி வழுக்கிக்கொண்டு கீழே வந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து பாதிச் சுவருக்கு, அங்கிருந்து பழைய இடத்துக்கு.

"டார்ச் அடிக்கலை, ஒண்ணும் செய்யலை. தானா இறங்கிடுச்சு. சூடுதான். நான் எழுதினது இதைத்தான்."

படலம் பழசாகிவிட்டதா, இந்த அரங்கு ஆய்வகத்தைவிடச் சூடா, இத்தனை நாள் நான் அளந்ததெல்லாம் தப்பா என்று மனது கண்டபடி ஓடியது. அம்மா எங்கே என்று திரும்பினேன். முதல் வரிசையில் உட்கார்ந்து, நடந்தது எதுவும் புரியாமல், நிறைந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்குத்தி மின்னியது.

எல்லா விளக்கையும் அணைத்த அரங்கில் அம்மாவின் மூக்குத்தி எனக்கு எப்படித் தெரிகிறது?

"யாருய்யா அது! லைட்டை ஆஃப் பண்ணுங்க!"

நான் போட்ட சத்தத்தில் லைட் உடனே அணைந்தது. பக்கவாட்டுக் கதவோரம் தோளில் கேமராவோடு வீடியோக்காரர் நின்றிருந்தார். "யார் இவர்?" என்று பேராசிரியை கேட்டார். கைடு என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நான்தாங்க கூட்டிட்டு வந்தேன்" என்று அம்மா எழுந்து நின்றாள். குரலில் துளிகூடத் தயக்கம் இல்லை. "என் பொண்ணு விசேஷங்க."

எனக்கு அம்மாவிடம் கோபப்பட நேரம் இல்லை. "மேடம், அவரோட லைட் எல்இடி. வெள்ளையாத் தெரிஞ்சாலும் அதுல நீலம் நிறைய இருக்கு. நீலம் பட்டா நிமிரும்னு நாலாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன். சூட்டுல விழலை, அவர் லைட்லதான் விழுந்துது."

"அது நீங்க சொல்றது. சூட்டுலதான்னு நான் சொல்றேன். எப்படி முடிவு பண்றது?"

"அவரை வச்சே முடிவு பண்ணலாம் மேடம்."

வீடியோக்காரர் பாவம், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மேடம், நான் வேணா வெளிய போயிடறேன்" என்றார்.

"போகாதீங்க அண்ணே. அங்கயே நில்லுங்க. நான் சொல்லும்போது மட்டும் லைட்டைப் போடுங்க."

மறுபடி இருட்டு. மறுபடி ஊதா டார்ச். புள்ளி ஏறிக் கூரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. டார்ச்சை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். இந்த முறை பேராசிரியை உட்காரவில்லை. மேஜைக்கு வந்து புறங்கையைப் படலத்தின் அருகே வைத்துச் சூடு பார்த்தார். சுவர் வரை போய்ப் புள்ளியைப் பார்த்தார். திரும்பி வந்தார். முதல் முறை நின்றதைவிட அதிக நேரம் ஆகிவிட்டது. அவர் கழுத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. "ஏண்டீம்மா, இன்னும் எத்தனை நாழி? நேக்கு மூச்சு முட்டறதே" என்று மாமி முணுமுணுத்தாள். அம்மா அவளை "உஷ்" என்று அடக்கினாள். புள்ளி இருந்த இடத்தில் இருந்தது.

"இப்ப போடச் சொல்லுங்க" என்றார் பேராசிரியை.

"அண்ணே, போடுங்க."

லைட் வந்த உடனே புள்ளி கீழே இறங்க ஆரம்பித்தது. வீடியோக்காரர் நின்ற தூரத்திலிருந்து அந்த விளக்கின் சூடு ஓர் எறும்பின் மேல்கூடப் பட்டிருக்காது.

பேராசிரியை என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டார். தானே ஏற்றினார். தானே காத்திருந்தார். அடுத்த தடவை என்னைக் கேட்காமல் நேராக வீடியோக்காரரிடமே, "தம்பி, இன்னும் பின்னால போங்க. போங்க. இப்ப போடுங்க" என்றார். தள்ளிப்போனதால் புள்ளி மெதுவாக இறங்கியது. பாதி வழியில் பேராசிரியை திடீரென்று "ஆஃப்!" என்று சொன்னார். கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் படம்பிடிக்கத் தவறாத கை அது, சட்டென்று அணைத்தது. புள்ளி பாதிச் சுவரில் நின்றது. கூரைக்கும் தரைக்கும் நடுவே, எங்கள் யார் சொல்லும் இல்லாமல் நகரமாட்டேன் என்று நின்றது. இப்படி நினைத்த இடத்தில் நிறுத்துவதை ஆய்வேட்டில் ஒரு சின்ன வரைபடமாகப் போட்டிருந்தேன். கண்ணால் பார்க்கும்போது எனக்கே புல்லரித்தது.

"ம்" என்றார் பேராசிரியை. காலையிலிருந்து அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது. "இனிமே கைதட்டலாம்."

தட்டினார்கள். தோழி விளக்கைப் போட மறந்துவிட்டாள், அதனால் இருட்டிலேயே தட்டினார்கள். நான் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக நான் இருந்ததில்லை. அடக்கமானவர்கள் அந்த இடத்தில் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது. பட்டத்துக்குப் பரிந்துரை எழுதும்போது பேராசிரியை தலை நிமிராமல், "அந்த வரி அப்படியே இருக்கட்டும்" என்றார். பட்டத்தைவிட அதுதான் எனக்கு இனித்தது.

வெளியே வேனுக்குப் பக்கத்தில் அம்மா வீடியோக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"கேமராவுல எல்லாம் விழுந்துச்சாங்க?"

"எங்கம்மா விழும்? முக்கியமான நேரம் பூரா லைட்டை அணைக்கச் சொல்லிட்டாங்க. உங்க பொண்ணு முகமே விழலை. கன்னங்கரேல்னு இருக்கும், நடுவுல ஒரு செவப்புப் புள்ளி மட்டும். அந்த இருட்டை வெட்டிட்டு, கடைசியில பொன்னாடை போத்தினதை வச்சு ஒப்பேத்திடறேன்."

"வெட்டக்கூடாது" என்றாள் அம்மா. "ஒண்ணையும் வெட்டக்கூடாது."

பென் டிரைவ் வந்தது. நாதஸ்வரத்தோடு தொடங்குகிறது. ரோஜா இதழ்கள் கொட்ட, ஓர் இதயத்துக்குள்ளிருந்து நான் வருகிறேன். பின்னால் மலைக்கோட்டை சுற்றிக்கொண்டிருக்கிறது. தோழி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. போன வாரம் சொந்தத்தில் ஒருவர் தன் மகனின் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். பத்திரிகைத் தட்டை நீட்டி, அம்மா எதிர்பார்த்த அந்தக் கேள்வியையும் கேட்டார்.

"உங்க பொண்ணுக்கு எப்ப கல்யாணச் சாப்பாடு போடப் போறீங்க?"

"இருங்க, முதல்ல இதைப் பாருங்க" என்று அம்மா டிவியைப் போட்டாள். ரோஜா இதழையும் மலைக்கோட்டையையும் ரிமோட்டில் தள்ளிவிட்டாள். இருட்டு வந்ததும் எழுந்துபோய் வீட்டு விளக்கையும் அணைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையே. உங்க பொண்ணு எங்கே?"

அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் அந்தச் சிவப்புப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள்.

"இதை நல்லாப் பாருங்க. எறங்குதா? எறங்காது. என் பொண்ணு சொல்ற வரைக்கும் எறங்காது."